சாயத்தண்ணியும் சாயவேரும்

என் அத்தை பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். வாழ்க்கைப்பட்டது கீழே, வெல்லவாயப் பக்கம். பள்ளி விடுமுறைக்கு நாங்கள் அங்கே போகும்போதெல்லாம் அம்மா ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் கட்டித் தருவார். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் அரைத்த அதே தூள்தான். ஆனால் அத்தை ஊற்றித் தரும் சாயத்தண்ணி எங்கள் வீட்டுச் சாயத்தண்ணி போல இருக்காது. நிறம் மங்கிக் கருமை தட்டியிருக்கும். மேலே எண்ணெய் மிதப்பது போல மெல்லிய ஆடை படர்ந்திருக்கும். குடித்து முடித்தால் கோப்பையின் உள்ளே பழுப்பு வளையம் ஒன்று மிஞ்சும்.

"தூள் பழசா அத்தை?" என்று கேட்டேன்.

"தூள் என்னடா செய்யும்? எங்க கிணத்துத் தண்ணி அப்படி" என்றார்.

அத்தை சொன்னது அப்படியே சரி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோவும் ஜகன்யியும் தேநீரின் மேல் படரும் இந்த ஆடையைச் சேகரித்து ஆராய்ந்து, 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தண்ணீரில் கல்சியமும் இருகாபனேற்றும் நிறைய இருந்தால், தேயிலையின் பொலிபீனோல்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு வினைபட்டு, கல்சியம் காபனேற்றையும் சேர்த்துக்கொண்டு ஏடாக மேலே வருகின்றன. தேசிக்காய் நாலு சொட்டுப் பிழிந்தால் ஆடை கலைந்துவிடும். எங்கள் லயத்துப் பீலித் தண்ணீரில் ஆடை படர்வதற்குக் கல்சியமே போதாது.

தண்ணீரின் கடினத்தன்மை இப்படித் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்காகவும், சவர்க்காரம் நுரைக்காமலும், தேநீரில் ஆடையாகவும் தெரிகிறது. அதே கிணற்றில் இன்னொன்றும் இருக்கக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, குடிநீரில் இருக்கும் அளவில் சுவையுமில்லை. அதுதான் புளோரைட்டு. யாரும் கலந்த நஞ்சு அன்று இது, பாறையே தண்ணீருக்குக் கொடுப்பது.

எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. இராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டி இறங்கும் பாதை, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இருநூறு மீட்டருக்கு வந்துவிடுகிறது. மேலே நமுனுகுலவிலும் அப்புத்தளையிலும் பெய்யும் மழை செங்குத்தான சரிவில் இறங்கி ஓடிவிடும், பாறையோடு நின்று பேச அதற்கு நேரமில்லை. கரையக்கூடியதையெல்லாம் அந்த மண்ணிலிருந்து மழை எப்போதோ கழுவிக்கொண்டு போய்விட்டது. கீழே நிலம் படுத்துக் கிடக்கிறது. மழை குறைவு, வெயில் கடுமை. நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளுக்குள் பல காலம் தங்கி, அப்பறைட்டு, மைக்கா, ஹோர்ன்பிளெண்டு போன்ற கனிமங்களிலிருந்து புளோரைட்டைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவியியல் பேராசிரியர் சி. பி. திசாநாயக்கவும் அவருடைய மாணவர்களும் இலங்கைக் கிணறுகளின் புளோரைட்டைப் பல ஆண்டுகளாக வரைபடமாக்கினார்கள். வறண்ட வலயத்தில் திட்டுத் திட்டாக அது மிகுந்திருப்பதை அந்த வரைபடங்கள் காட்டின. ஊவா மாகாணத்துக்குள்ளேயே மொனராகலை மாவட்டத்தின் வெல்லவாயவும் புத்தளவும் அந்தத் திட்டுகளில் அடங்கும்.

பதுளை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், மகாவலிக் குடியேற்றமாகிய கிராந்துருக்கோட்டையில், துயரம் இன்னும் ஆழமானது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று மருத்துவர்கள் பெயரிட்டிருக்கும் நோய் நாட்டில் தீவிரமாகப் பரவிய இடங்களில் அதுவும் ஒன்று. கடினநீரும் புளோரைட்டும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றனவா என்பது ஆராய்ச்சியாளர் முன்வைத்திருக்கும் விளக்கங்களில் ஒன்றுதான். விவசாய இரசாயனங்கள், வெப்பத்தில் உடல்நீர் வற்றுவது என்று வேறு விளக்கங்களும் உண்டு. முடிவு எட்டப்படவில்லை. எலும்புக்கும் பல்லுக்கும் புளோரைட்டு செய்வதில் மட்டும் ஐயமே கிடையாது.

சிறிதளவு புளோரைட்டு பல்லுக்கு நல்லது. அளவு மிஞ்சினால், பல் உருவாகும் வயதுக் குழந்தைகளுக்கு எனாமல் வெளிறி, பின்னர் பழுப்புக் கறை ஏறும். தேய்த்தாலும் போகாது. பல ஆண்டுகள் மிகுதியாக உட்கொண்டால் எலும்பு தடித்து மூட்டுகள் இறுகிவிடும். சென்னை கிண்டி கிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட் முதலியோர் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் முதுகு வளையாமல் இறுகிப்போன மனிதர்களைப் பரிசோதித்து, 1937இல் இந்த நோயை உலகுக்கு விவரித்தார்கள். தெற்காசியாவில் புளோரைட்டு நோயின் வரலாற்றில் அது ஒரு முக்கியமான பதிவு.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீட்டருக்கு 1.5 மில்லிகிராம். இலங்கையின் குடிநீர்த் தரநிலை எஸ்.எல்.எஸ். 614, 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை 1 மில்லிகிராமாகக் குறைத்தது. குறைத்ததற்கு நியாயம் உண்டு. உலக அளவு, ஒருவர் நாளொன்றுக்கு 2 லீட்டர் குடிப்பார் என்ற கணக்கில் நிற்கிறது. 1.5 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் 2 லீட்டர் குடித்தால் உடலுக்குள் போவது 3 மில்லிகிராம். வெல்லவாய வெயிலில் கரும்பு வெட்டுகிறவர் 4 லீட்டர் குடிப்பார். கிணற்றில் லீட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் அவருக்கு 8 மில்லிகிராம் சேர்கிறது. தண்ணீரைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

அத்தை வீட்டில் எப்போதும் கொதித்தாறிய நீர்தான். "நல்லா கொதிக்க வச்சுத்தானே குடிக்கிறோம், அப்புறம் அதுல என்ன இருக்கும்?" என்பார். வயிற்றோட்டத்துக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் அஞ்சிய மக்களுக்குப் பொதுச் சுகாதாரம் கற்றுக்கொடுத்த மிக நல்ல பழக்கம் அது. கிருமி சாகும். ஆனால் புளோரைட்டு ஒரு உயிரல்ல, சாவதற்கு. மூன்று லீட்டர் தண்ணீர் கொதித்து இரண்டரை லீட்டராக வற்றினால், 2 மில்லிகிராம் செறிவு 2.4 ஆக ஏறிவிடும். நல்ல பழக்கமே தீங்கைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறது என்று அத்தையிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லத் துணிந்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

வடிகட்டுவது நமக்குப் புதிதல்ல. கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைப்பது கலித்தொகைக் காலத்திலேயே பழகிய செய்தி. வறண்ட வலயக் கிணறுகளிலும் அந்த வழக்கம் இருந்தது. விதையிலுள்ள பொருள்கள் மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படியச் செய்கின்றன. முருங்கை விதையிலுள்ள புரதமும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, தீதற்ற தண்ணீர் வேறு. மண்துகள் கண்ணுக்குத் தெரியும் பருமன் உடையது. புளோரைட்டு தண்ணீரில் கரைந்த ஒற்றை அயன். எவ்வளவு நெருக்கமாக நெய்த துணியிலும் அது நழுவிப் போகும்.

அடுத்து எல்லோரும் நம்புவது கரியை. சிரட்டையைச் சுட்டு, நீராவியால் உயிர்ப்பூட்டிய கரி இலங்கையின் பெயர்பெற்ற ஏற்றுமதிப் பொருள். தேங்காய்ச் சிரட்டையின் இறுக்கமான அமைப்பால் அந்தக் கரிக்குள் மிக நுண்ணிய துவாரங்கள் ஏராளமாக உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் உள்மேற்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு விரியும். குளோரின் வாடை, பூச்சிகொல்லி, குளங்களில் நீலப்பச்சைப் பாசி விடும் நஞ்சு ஆகியவற்றையெல்லாம் அந்தத் துவாரங்கள் பிடித்து வைக்கும். பாசி நஞ்சு எவ்வளவு கொடியது என்பதை 1996இல் பிரேசிலின் கருவாரு நகரம் கண்டது. இரத்தச் சுத்திகரிப்பு நிலையமொன்றுக்குப் போன நீரில் அது கலந்து, சிறுநீரக நோயாளிகள் ஐம்பது பேர் வரை இறந்தார்கள். அத்தகைய நஞ்சுக்குக் கரி நல்ல காவல். புளோரைட்டுக்கு அது காவலே அல்ல. கரியின் மேற்பரப்பு தண்ணீரை அவ்வளவாக விரும்பாத கரிமப் பொருள்களைத்தான் ஈர்க்கும். தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்வை போலப் போர்த்திக்கொண்டு மிதக்கும் புளோரைட்டு அதன் பக்கம் திரும்பாது. கடையில் கரி வடிகட்டி வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கும் வீடுகளை நினைத்தால் மனம் வலிக்கிறது.

புளோரைட்டைப் பிடிக்க வேறு தந்திரம் வேண்டும். அந்தத் தந்திரத்தை நம் உடம்பே செய்து காட்டுகிறது. எலும்பும் பல்லும் ஐதரொட்சியப்பறைட்டு என்ற கல்சியம் பொசுபேற்றால் ஆனவை. அந்தப் படிகத்தில் ஐதரொட்சைட்டு அயன்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். புளோரைட்டுக்கும் ஐதரொட்சைட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பருமன், ஒரே மின்னேற்றம். அதனால் ஒன்று எழுந்த இடத்தில் மற்றது அமர்ந்துகொள்கிறது. பல்லுக்குச் சிறிதளவில் வலுவூட்டுவதும், பின்னர் எலும்பை இறுகச் செய்வதும் இதே இடமாற்றம்தான். அப்படியானால் தண்ணீர் நம் எலும்பை அடையுமுன் வேறொரு எலும்பின் வழியாக அதை ஓடவிட்டால் என்ன? எலும்புக்கரி வடிகட்டியின் கருத்து அதுதான். மாட்டெலும்பைக் காற்று குறைந்த சூளையில் சுட்டு, நொறுக்கி, தொட்டியில் நிரப்பி நீரைச் செலுத்துகிறார்கள். கென்யாவின் நக்குருவில் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் நீர்த்திட்டம் இதைப் பெருமளவில் செய்து காட்டியது. அறிவியலாக இதைவிட அழகான வடிகட்டி எனக்குத் தெரியாது. ஆனால் மாட்டெலும்பின் வழியே வந்த தண்ணீரைச் சாமிக்குப் படைக்கும் செம்பில் எங்கள் ஊர்ப் பெண்கள் பிடிப்பார்களா? பன்சலைக்குக் கொண்டுபோவார்களா? மனம் ஏற்காத வடிகட்டி மூலையில் கிடக்கும். அது மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. குடிக்கும் தண்ணீரில் மனமும் கலந்துதான் இருக்கிறது.

இலங்கையில் இதற்கு ஒரு மாற்று பிறந்தது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையைச் சேர்ந்த பத்மசிறி, திசாநாயக்கவுடன் சேர்ந்து செங்கல் துண்டுகளால் ஆன வீட்டு வடிகட்டியை உருவாக்கி, 1995இல் அதைப் பற்றி எழுதினார். நம் ஊர்ச் சூளையில் மிதமாகச் சுட்ட செங்கல்லின் களிமண்ணில் இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள் இருக்கின்றன. ஈரமான நிலையில் அவற்றின் மேற்பரப்பிலும் ஐதரொட்சைட்டு அயன்கள் உண்டு. அவை இடம்விட்டுக் கொடுக்க, புளோரைட்டு ஒட்டிக்கொள்கிறது. புறத்துறிஞ்சல் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். தண்ணீர் அடியிலிருந்து மேலெழும்பி வருவதால் செங்கல்லோடு நெடுநேரம் தொடர்பு கிடைக்கிறது. இந்தியாவில் நல்கொண்டா முறை என்று படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுப் படியவைப்பதும், உயிர்ப்பூட்டிய அலுமினா மணிகளால் வடிகட்டுவதும் நடந்தன. அலுமினா செங்கல்லைவிட வெகு திறமையானது. ஆனால் தண்ணீர் சற்றே அமிலமாக இருந்தால்தான் அதற்கு முழுத் திறமை வரும். நம் கிணறுகளோ இருகாபனேற்று மிகுந்து, காரத்தின் பக்கம் சாய்ந்தவை.

கிராந்துருக்கோட்டை உட்பட வறண்ட வலயம் எங்கும் இன்று எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) நிலையங்கள் நிற்கின்றன. கடற்படை மட்டுமே நூற்றுக்கணக்கானவற்றைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. இந்த நுட்பத்தின் தொடக்கம் 1959-60இல் கலிபோர்னியாவில் சிட்னி லோபும், இந்தியாவிலிருந்து சென்ற ஸ்ரீனிவாச சௌரிராஜனும் செய்த செலுலோசு அசற்றேற்றுச் சவ்வு. அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் மட்டும் சவ்வைக் கடந்து, உப்புகளெல்லாம் பின்னே நின்றுவிடும். புளோரைட்டும் கடினத்தன்மையும் ஒருசேரப் போய்விடுவதால் ஆர்.ஓ. தண்ணீரில் போட்ட சாயத்தண்ணியில் ஆடை படராது. நோய்க்கு அஞ்சி வாழும் மக்களுக்கு அது பெரிய ஆறுதல், அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆயினும் உள்ளே போகும் நீரில் கணிசமான பங்கு கழிவுநீராக வெளியே வருகிறது, உள்ளே தங்கிய புளோரைட்டு முழுவதையும் சுமந்துகொண்டு. அதை வாய்க்காலில் விட்டால் மறுபடியும் அதே நிலத்துக்குத்தான் போகும்.

வேண்டாத ஒன்றை மட்டும் பொறுக்கியெடுக்கும் பொருள் உண்டா? இந்தத் தேடலில்தான் புதிய பொருள்கள் வருகின்றன. உலோக அணுக்களை மூலைகளாகவும் கரிம மூலக்கூறுகளைச் சட்டங்களாகவும் வைத்துக் கட்டிய கூடுகள் இவை. உலோக-கரிமச் சட்டகங்கள் என்று இவற்றைச் சொல்லலாம். இவற்றை உருவாக்கியதற்காகவே சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கிராம் சட்டகத்தின் உட்பரப்பு சில ஆயிரம் சதுர மீட்டர், ஒரு விளையாட்டு மைதானம் அளவு. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் 2008இல் உருவான யூ.ஐ.ஓ-66 என்ற சட்டகத்தின் மூலைகளில் இருப்பது சிர்க்கோனியம். சிர்க்கோனியத்துக்குப் புளோரைட்டின் மேல் தனிப் பிரியம். தண்ணீரில் குளோரைட்டும் நைத்திரேற்றும் எவ்வளவு இருந்தாலும் அவற்றை விட்டுவிட்டுப் புளோரைட்டைப் பற்றிக்கொள்ளும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு வேறு வழியில் போனது. இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைற்றோசானோடு அலுமினிய ஒட்சி ஐதரொட்சைட்டைப் பின்னி, அறை வெப்பத்திலேயே, தண்ணீரிலேயே செய்யக்கூடிய மணிகளை 2013இல் அறிவித்தது. கிராமத்துக்கு வரக்கூடிய பொருள் இந்த இரண்டாவது வகைதான் என்று நான் நினைக்கிறேன். சூளையும் விலையுயர்ந்த கரைப்பானும் வேண்டாத பொருள்தான் ஏழை வீட்டு வாசலை எட்டும்.

சரி, தேயிலையின் கதை என்ன? தேயிலைச் செடி அமில மண்ணிலிருந்து அலுமினியத்தையும் புளோரைட்டையும் சேர்த்து உறிஞ்சி இலையில் தேக்கி வைக்கும் விசித்திரமான செடி. முற்றிய இலையில் அது மிகுதி, இளங்கொழுந்தில் குறைவு. திபெத்தில் முற்றிய இலையாலான கட்டித் தேயிலையைக் காய்ச்சிக் குடித்தே எலும்பு இறுகியவர்கள் உண்டு. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் நம் கொழுந்துக்காரிகளின் விரல்களைப் புளோரைட்டுக்கான முதல் வடிகட்டி என்றே சொல்வேன். அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2025இல் இன்னொன்று காட்டினார்கள். ஊறும் தேயிலை, தண்ணீரிலுள்ள ஈயத்தில் ஏறத்தாழ 15 வீதத்தைத் தன்மேல் ஒட்டவைத்து வெளியேற்றுகிறதாம். ஒரே இலை ஒன்றைக் கொடுக்கிறது, இன்னொன்றை எடுக்கிறது.

தேநீரையே வடிகட்டிப் புளோரைட்டை எடுத்துவிடலாமே என்று கேட்டால், அங்கே வேதியியல் தடுக்கிறது. கோப்பைக்குள் புளோரைட்டின் ஒரு பகுதி அலுமினியத்தோடு கைகோத்து நிற்பதால் வடிகட்டிப் பொருளுக்கு எளிதில் அகப்படாது. அலுமினா போன்றவை தேநீரின் பொலிபீனோல்களையும் பிடித்துவிடும். கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வரும் அந்தக் குளிர்ந்த, மூக்கில் ஏறும் வாசமும் கரி வழியே வடித்தால் அதற்குள் போய் மறைந்துவிடும். ஆகவே கேத்தலில் ஊற்றுமுன் தண்ணீரைச் சுத்தமாக்குவதே வழி.

கிணற்று வடிகட்டிகளின் உண்மையான நோயை நான் பார்த்திருக்கிறேன். வெல்லவாய, புத்தளப் பக்க வீடுகளில் செங்கல் வடிகட்டி ஒன்றின் மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள். இன்னொன்றுக்குள் கோழி அடைகாத்தது. பொருள் கெட்டுப்போனதால் அல்ல, அது நிரம்பிவிட்டதை யாரும் அறியாததால். செங்கல் சில மாதங்களில் இடமெல்லாம் தீர்ந்து ஓய்ந்துவிடும். அப்போதும் தண்ணீர் தெளிவாகவே வரும், சுவையும் மாறாது. வடிகட்டி இருக்கிறது என்ற நம்பிக்கையில் குழந்தைகள் பழையபடி புளோரைட்டைக் குடித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு கசிவு, பாசி. அதன்பின் வடிகட்டி முற்றத்து மூலைக்குப் போய்விடும்.

நிரம்பியதை அறிய வழியுண்டு, அதுவும் பழைய வழி. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஒரு காலத்தில் துணிக்குச் சிவப்பேற்றத் தோண்டிய சாயவேரில் அலிசரின் என்ற நிறப்பொருள் உண்டு. அலிசரினும் சிர்க்கோனியமும் சேர்ந்தால் செந்நிறம். அந்தக் கரைசலில் புளோரைட்டுள்ள தண்ணீரைச் சில துளிகள் விட்டால், சிர்க்கோனியம் அலிசரினைக் கைவிட்டுப் புளோரைட்டைப் பற்றிக்கொள்கிறது. தனித்து நின்ற அலிசரின் மஞ்சளாகிவிடும். ஒஸ்லோவின் சட்டகத்தில் புளோரைட்டைப் பிடிக்கும் அதே பிரியம்தான் இங்கே அதைக் காட்டியும் கொடுக்கிறது. ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்துவிடலாம். மாதம் ஒருமுறை ஊர்ப் பிள்ளைகள் வடிகட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து நிறம் பார்த்தால், எந்த வீட்டுச் செங்கல் மாற்ற வேண்டும் என்று அன்றே தெரிந்துவிடும். சட்டகத்துக்கு நோபல் கொடுத்த உலகம் இந்தச் சோதனைக்குழாயை வெல்லவாயப் பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

வானத்திலிருந்து வரும் தண்ணீரில் புளோரைட்டு இல்லையென்றே சொல்லலாம். உலக வங்கி உதவியோடு நடந்த சமூக நீர்வழங்கல் திட்டம், 1995இல் இலங்கையில் வீட்டுக் கூரை மழைநீர்த் தொட்டிகளை முதன்முதல் கட்டத் தொடங்கியது பதுளை, மாத்தறை மாவட்டங்களில்தான். அப்படியொரு 5,000 லீட்டர்த் தொட்டி இப்போது என் அத்தை மகன் வீட்டிலும் இருக்கிறது. ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீட்டர் என்றால் 200 நாள் வரும். மாரி மழையில் நிரம்பும் தொட்டி ஆவணிக்குள் வற்றிவிடும். மிச்ச மாதங்களுக்குக் கிணறும் செங்கல் வடிகட்டியும்தான்.

போன முறை போனபோது மழைத்தண்ணீரில் சாயத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். பசறைத் தூள். கோப்பையின் அடி தெரிய, செம்பொன் நிறத்தில் இருந்தது, மேலே ஆடை ஏதுமில்லை. அத்தைக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, கோப்பையை மூக்குக்கு அருகே கொண்டுபோய், "பீலித் தண்ணி மாதிரி இருக்குதா தம்பி?" என்றார். அவருடைய பேத்தி ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். வடிகட்டியின் பக்கத்துச் சுவரில் சிரட்டைக்கரியால் ஒரு தேதி எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அடுத்து செங்கல் மாற்ற வேண்டிய தேதி, அதற்கும் கீழே இன்னொன்று எழுத இடம் விட்டிருந்தாள்.